சி. வை. தாமோதரம் பிள்ளை: தொல்காப்பியத்தை அச்சேற்றிய கும்பகோணத்து வக்கீல்

வக்கீலாக இருந்து புத்தகப் பதிப்புக்கு வந்து பேர் சொல்லும்படி வேலை செய்தவர்கள் தமிழில் யாராவது உண்டா, சட்டம் படித்தது அந்த வேலைக்கு எந்த வகையிலாவது உதவியதா என்பது கேள்வி.

உண்டு. நான் ஒருவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், கடைசியில் இன்னும் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு முடிக்கிறேன். அந்த ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, வீரசோழியம், இறையனார் அகப்பொருள், சூளாமணி, இலக்கண விளக்கம் என்று இவர் அச்சுக்குக் கொண்டுவந்த நூல்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு பல்கலைக்கழகத் துறை பத்து வருஷம் செய்ய வேண்டிய வேலை மாதிரி இருக்கும். ஆனால் இவருக்குப் பின்னால் துறையும் கிடையாது, நிறுவனமும் கிடையாது. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை, அப்புறம் கும்பகோணத்தில் வக்கீல், அப்புறம் புதுக்கோட்டையில் நீதிபதி. பதிப்பு வேலையில் பெரும்பகுதியை இந்த உத்தியோகங்களுக்கு நடுவில்தான் செய்தார்.

பழந்தமிழ் நூல் வெளியீட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஆறுமுக நாவலர், சுவர் எழுப்பியவர் தாமோதரம் பிள்ளை, கூரை வேய்ந்தவர் உ. வே. சாமிநாதையர் என்று திரு. வி. க. சொன்னது எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அது இவருக்குக் கொஞ்சம் கெடுதல் செய்துவிட்டது என்பது என் எண்ணம். நாவலருக்கு யாழ்ப்பாணத்தில் சிலை உண்டு, விழா உண்டு. உ.வே.சா.வுக்கு நூலகம், நினைவு இல்லம், எல்லாரும் படிக்கிற தன்வரலாறு எல்லாம் உண்டு. நடுவில் இருக்கிற இவரைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம்.

பிறந்தது 1832 செப்டம்பர் 12, யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி. பெயருக்கு முன்னால் நிற்கிற சி. அந்த ஊர், வை. தகப்பனார் வைரவநாதர். சின்ன வயதில் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் படித்தார், பிறகு தெல்லிப்பழை மிஷன் பள்ளி, அங்கிருந்து வட்டுக்கோட்டை செமினரி. இந்த செமினரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1823ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது, 1855ல் மூடிவிட்டார்கள். இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானவியல், தருக்கம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் சொல்லிக்கொடுத்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதும் ஆதாரம் கேட்பதும் ஒரே பையனுக்குள் சேர்ந்து வளர்ந்தது அங்கேதான். மிஷன் பள்ளியில் படித்த பலரையும் போல இவரும் கொஞ்ச காலம் கிறிஸ்தவராக இருந்து பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்.

படிப்பு முடிந்து கோப்பாயில் ஆசிரியர் வேலை. அந்தச் சமயத்திலேயே, இருபத்திரண்டு வயதை ஒட்டி, குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். எனவே வக்கீல் ஆன பிறகு திடீரென்று பதிப்புப் பக்கம் வந்தவர் என்று இவரைச் சொல்ல முடியாது, அந்த ஆசை சட்டத்துக்கு முன்னாலேயே இருந்தது. பிறகு பேர்சிவல் பாதிரியார் சென்னைக்கு அழைத்து, தாம் நடத்திய தினவர்த்தமானி பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைக் கொடுத்தார். நாவலரை பைபிள் மொழிபெயர்ப்பு வேலையில் சேர்த்துக்கொண்ட அதே பேர்சிவல்தான்.

1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர், இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: ஒருவர் தாமோதரம் பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டையில் ஆசிரியராக இருந்த கரோல் விசுவநாத பிள்ளை. அதன்பின் கோழிக்கோட்டில் கொஞ்ச காலம் ஆசிரியர், பிறகு சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்கு அலுவலகம். வேலையில் இருந்தபடியே சட்டம் படித்து 1871ல் பி.எல். தேறினார், அப்போது வயது முப்பத்தொன்பது ஆகப்போகிறது. கணக்கு அலுவலகத்தை விட்டபின் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார். 1887ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி, 1890ல் ஓய்வு, 1895ல் ராவ்பகதூர் பட்டம். 1901 ஜனவரி 1ம் தேதி சென்னை புரசைவாக்கத்தில் காலமானார்.

இந்த வரிசையின் பக்கத்தில் பதிப்பு வரிசையை வைத்துப் பாருங்கள். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம் கொண்ட இலக்கணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1868ல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு, நாவலர் பரிசோதித்துக் கொடுக்க இவர் வெளியிட்டது. அப்புறம் பெரிய இடைவெளி. 1881ல் வீரசோழியம். 1883ல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும். 1885ல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887ல் கலித்தொகை. 1889ல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891ல் எழுத்ததிகாரம், 1892ல் சொல்லதிகாரம், இரண்டும் நச்சினார்க்கினியர் உரையோடு. ஓய்வுக்குப் பிறகு வந்தவை இந்தக் கடைசி இரண்டுதான். மற்றதெல்லாம் பகலில் கணக்கு, கோர்ட்டு, தீர்ப்பு என்று இருந்த மனிதர் மிச்ச நேரத்தில் செய்தது. 1879ல் நாவலர் இறந்துபோகிறார், இரண்டே வருஷத்தில் வீரசோழியம் வருகிறது. இனி சரிபார்த்துக் கொடுக்கப் பெரியவர் இல்லை, தாமே பொறுப்பேற்க வேண்டும் என்று முடிவெடுத்த மனிதரைத்தான் நான் அந்தத் தேதிகளில் பார்க்கிறேன்.

நாவலரிடமிருந்து இவர் விலகிப்போகிற இடம் ஒன்று இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. நாவலர் அச்சேற்றியதில் பெரும்பகுதி சைவ நூல்களும் இலக்கணமும். அவருடைய நோக்கம் அது, அதில் அவர் தெளிவாக இருந்தார். தாமோதரம் பிள்ளையும் சைவர்தான், சைவ மகத்துவம் என்று நூலே எழுதியவர். ஆனால் வீரசோழியம் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய இலக்கணம், சூளாமணி தோலாமொழித்தேவர் பாடிய சமண காவியம். நம் சமயத்து நூலா என்று பார்க்காமல், தமிழில் இருக்கிறது, அழிந்துகொண்டிருக்கிறது, அச்சேற வேண்டும் என்று பார்த்தார். சூளாமணிக் கதையை உரைநடையிலும் எழுதினார், காவியம் படிக்க முடியாதவர்களுக்கும் கதை போய்ச்சேரட்டும் என்று. தம் சமயத்தில் இவ்வளவு பிடிப்பு உள்ள ஒருவர் அடுத்த சமயத்தின் நூலுக்கு இவ்வளவு உழைத்தார் என்பதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

சரி, ஏட்டிலிருந்து அச்சுக்கு என்றால் என்ன வேலை என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஒகரம் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்ட வரி பிரிக்க மாட்டார்கள், எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகும். மேற்கோள் செய்யுள் உரைக்குள் கலந்து கிடக்கும். இதற்கு மேல் படி எடுத்தவர் விட்ட பிழை, அவருக்கு முன்னால் எடுத்தவர் விட்ட பிழை. பூச்சி தின்ற ஓட்டை எழுத்தின் நடுவில் விழுந்திருக்கும். கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில் ஏடுகளின் நிலையை இவரே வர்ணித்திருக்கிறார்: கையில் எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டைப் பிரித்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாகப் பறக்கிறது என்கிற பொருளில். தமிழ் உரைநடையில் அதைப் போல மனதை உலுக்குகிற பத்திகள் குறைவு. பழைய ஏடுகள் சிதைந்தால் புதுப்படி எடுத்து வைக்கிற வழக்கமும் அப்போது நின்றுகொண்டிருந்தது, அச்சுப் புத்தகம் வந்த பிறகு ஏடு எழுத யார் உட்காருவார்கள்? எனவே இன்னும் ஒரு தலைமுறை தாமதித்தால் இல்லை என்றே ஆகிவிடும் நூல்கள் அவை. இவர் அதைத் தெரிந்து அவசரப்பட்டார்.

இனி சட்டம் உதவியதா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று வகையில் உதவியது என்று நினைக்கிறேன், மூன்றும் ஒரே எடை இல்லை.

பணம் முதலாவது. அந்தக் காலத்தில் ஒரு பெரிய நூலை அச்சிட வேண்டுமென்றால் முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டும், ஜமீன்தாரையோ மடத்தையோ பார்க்க வேண்டும், காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் கடன் சொல்ல வேண்டும். இவரும் பிரபுக்களிடம் உதவி கேட்டவர்தான், பதிப்புரைகளில் நன்றியும் சொல்லியிருக்கிறார். ஆனால் மாதச் சம்பளமும் பிறகு வக்கீல் வருமானமும் இருந்ததால், எந்த நூலை எப்போது அச்சிடுவது என்பதை அவரே முடிவு செய்ய முடிந்தது. பொருளதிகாரத்தையும் வீரசோழியத்தையும் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். லாபக் கணக்குப் போட்டிருந்தால் தொட்டிருக்கவே முடியாத நூல்கள்.

இரண்டாவது, ஊர் ஊராக ஆள் பழக்கம். ஏடுகள் நூலகத்தில் இல்லை, வீடுகளில் இருந்தன. கவிராயர் வீட்டுப் பரணில், மடத்துப் பெட்டியில், அர்த்தம் தெரியாத பேரன் சரஸ்வதி பூஜைக்கு மட்டும் எடுத்து வைக்கிற மூட்டையில். அவற்றைக் கேட்டு வாங்க ஒவ்வொரு தாலுகாவிலும் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். முன்சீப் (கீழ்க்கோர்ட்டு நீதிபதி), வக்கீல், தாசில்தார் என்ற அந்தப் புதுப் படித்த கூட்டம்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பழைய நூல்களுக்குப் பின்னால் நின்றது. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த இடத்தில்தான் 1880ல் உ.வே.சா.வைச் சந்தித்து, சீவக சிந்தாமணி காவியம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி உ.வே.சா.வின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. தாமோதரம் பிள்ளையும் அதே கூட்டத்து மனிதர், அதே ஊரில் வக்கீல்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. பொறுப்பு ஏற்கிற மனசு. தமக்குப் பண்டிதர், கவிராயர், மகாவித்துவான் என்ற பட்டச் சுமை எதுவும் தலைமேல் இல்லை, ஆகவே பிழை வந்து நாலு பேர் ஏசினாலும் தமக்கு இழக்க ஒன்றுமில்லை என்று ஒரு பதிப்புரையில் சொல்கிறார். அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சு என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரைவிட நன்றாகச் செய்யக்கூடிய பெரிய வித்துவான்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். பிழையோடு வெளியிட்டால் பெயர் கெடும் என்று அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. இவர் வேறு கணக்குப் போட்டார்: பிழையை அடுத்தவர் திருத்திக்கொள்ளலாம், ஏடு போனால் திருத்துவதற்கே ஒன்றும் இருக்காது. கையில் இருக்கிற ஆதாரத்தை வைத்து இன்றைக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், மேலே போய் அது மாறினாலும் மாறட்டும் என்பது கோர்ட்டில் தினமும் பழகுகிற விஷயம். இந்தப் பழக்கம் புத்தகத்துக்கு வந்ததால்தான் பொருளதிகாரம் 1885லேயே அச்சில் வந்தது.

பொருளதிகாரத்துக்கு இன்னொரு அழகான பின்னணி உண்டு. இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு கதை வரும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம், புலவர்கள் சிதறிப் போகிறார்கள். மழை பெய்த பிறகு அரசன் ஆள் அனுப்பித் தேடினால் எழுத்தும் சொல்லும் யாப்பும் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள், பொருளதிகாரம் தெரிந்தவர் மட்டும் கிடைக்கவில்லை. பொருள் இல்லாமல் எழுத்தையும் சொல்லையும் வைத்து என்ன செய்வது என்று அரசன் கவலைப்படுகிறான், இறைவனே அறுபது சூத்திரம் செய்து கொடுக்கிறார். இந்த உரையை 1883ல் பதிப்பித்தவர் தாமோதரம் பிள்ளை. இரண்டு வருஷம் கழித்துத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை முதன்முதலாக அச்சில் கொடுத்தவரும் அவரே. தமிழ்நாட்டில் எழுத்தும் சொல்லும் படித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1840களின் இறுதியிலேயே மழவை மகாலிங்கையர் பதிப்பாக வந்துவிட்டது. பொருளதிகாரம்தான் ஆளில்லாமல் கிடந்தது. அந்தக் கதையைப் பதிப்பித்த கையோடு அவர் இதில் இறங்கினார் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பதிப்பில் பெரிய பிழை ஒன்று உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்று போட்டார். ஆனால் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்ற கடைசி நான்கு இயல்களில் அவர் அச்சிட்டது பேராசிரியர் என்ற வேறொரு பழைய உரையாசிரியரின் உரை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இரா. இராகவையங்கார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில், தாமோதரம் பிள்ளை இறந்து ஓரிரு வருஷத்துக்குள். பிறகு 1916ஐ ஒட்டி பவானந்தம் பிள்ளை பதிப்பில் உரைகள் பிரித்துப் போடப்பட்டன. பவானந்தம் பிள்ளை போலீஸ் அதிகாரி, இதையும் சொல்ல வேண்டும், அந்தக் காலத்து உத்தியோகஸ்தர்களுக்கு இதெல்லாம் எப்படி முடிந்தது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பாகத்தான் இருக்கிறது. இராகவையங்கார் இரண்டு உரையாசிரியர்களின் நடையை ஒப்பிட்டு இது அவருடையது இல்லை என்று சொல்ல முடிந்ததே புத்தகம் அச்சில் எல்லார் கையிலும் இருந்ததால்தான். ஏட்டுக் கட்டாகவே இருந்திருந்தால் அந்தப் பிழை யார் கண்ணிலும் பட்டிருக்காது, அந்த உரையும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

கலித்தொகையிலும் அப்படி ஒன்று. நூற்றைம்பது பாட்டையும் நல்லந்துவனாரே பாடினார் என்று கொண்டு, நல்லந்துவனார் கலித்தொகை என்றே தலைப்பிட்டார். ஐந்து திணையை ஐந்து புலவர் பாடியதாகச் சொல்லும் வெண்பா பிற்பாடு பரவலாகத் தெரியவந்தது, இ. வை. அனந்தராமையரின் விரிவான பதிப்பு 1925ல் தொடங்கி வந்தபோது பார்வை மாறியது. ஆனால் எட்டுத்தொகை என்ற சங்க நூல் வரிசையில் முதலில் முழுமையாக அச்சான நூல் இந்தக் கலித்தொகைதான். உ.வே.சா.வின் புறநானூறு வந்தது 1894ல், ஏழு வருஷம் கழித்து.

உ.வே.சா.வும் இவரும் ஒரே ஊரில் இருந்ததைச் சொன்னேன். ஒருவர் கல்லூரித் தமிழாசிரியர், ஒருவர் வக்கீல். உ.வே.சா. சிந்தாமணி ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், அதைத் தாம் பதிப்பிக்கலாம் என்று தாமோதரம் பிள்ளை கேட்டார், உ.வே.சா. கொடுக்கவில்லை. இதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிலர் இதை வைத்து இருவரையும் எதிரிகளாக்கிப் பேசுவார்கள், அது தேவையில்லாத வேலை. வருஷக்கணக்காக உழைத்ததை எப்படிக் கைமாற்றுவது என்பது ஒருவர் நியாயம், அனுபவமும் வசதியும் உள்ளவன் கையில் கொடுத்தால் சீக்கிரம் வருமே என்பது இன்னொருவர் நியாயம். நடந்தது தமிழுக்கு நல்லதாகவே போனது: 1887ல் சிந்தாமணியும் வந்தது, அதே வருஷம் கலித்தொகையும் வந்தது. பதிப்பு நேர்த்தியில் உ.வே.சா. பின்னால் வெகுதூரம் போய்விட்டார். பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறுகிற சொற்கள்), அகராதி, ஆசிரியர் வரலாறு, மேற்கோள் விளக்கம் என்று அவர் புறநானூற்றில் வைத்த அளவுகோல் தாமோதரம் பிள்ளையின் பதிப்புகளில் இல்லை. இதை ஒப்புக்கொள்வதால் இவர் பெருமை குறைந்துவிடாது.

பதிப்புரைகளை மட்டும் தனியாகப் படித்தாலும் இவர் யார் என்று தெரியும். வீரசோழியத்தின் முன்னுரையில் தமிழ் இலக்கிய வரலாற்றை எட்டுக் காலமாகப் பிரிக்கிறார்: அபோதகாலம், அட்சரகாலம், இலக்கணகாலம், சமுதாயகாலம், அநாதாரகாலம், சமணகாலம், இதிகாசகாலம், ஆதீனகாலம். இந்தப் பிரிவுகளை இன்றைக்கு யாரும் பயன்படுத்துவதில்லை, அவர் சொல்லும் காலக்கணக்கும் நிற்காது. அதற்காகத் தள்ளிவிடக் கூடாது. 1881ல் சங்க நூல்களில் பெரும்பாலானவை அச்சிலேயே இல்லை. நூல்களே கைக்கு வராத காலத்தில், தமிழ் இலக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதைக் காலவரிசையில் வைக்க முடியும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறார். சமணர் காலத்துக்கு ஒரு தனி இடம் கொடுக்கிறார். படிக்கும்போது நமக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும், சில வாக்கியங்கள் பாதிப் பக்கம் போகும், கோபம் வந்தால் வாக்கியம் இன்னும் நீளும், ஆனால் எங்கேயும் பாவனை இருக்காது.

பாடநூல்களும் எழுதினார். ஆறாம் வாசகப் புத்தகம், ஏழாம் வாசகப் புத்தகம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்தில் ஏழாலையில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். இளையவர்களிடம் அவருக்கு இருந்த மதிப்புக்கு ஒரு உதாரணம் போதும்: வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாருக்கு, அதாவது பரிதிமாற் கலைஞருக்கு, திராவிட சாஸ்திரி என்ற பட்டம் கொடுத்தவர் இவர்தான். இவருடைய மகன் அழகசுந்தரம் தகப்பனார் விட்டுவந்த கிறிஸ்தவத்துக்கே திரும்பிப் போய் பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார், ஆனால் தேவார திருவாசகப் பாடல்களை ஜி. ஈ. பிலிப்ஸோடு சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே, 1921ல். சைவத் தகப்பன் பௌத்த இலக்கணமும் சமண காவியமும் அச்சிட்டார், கிறிஸ்தவ மகன் தேவாரத்தை மொழிபெயர்த்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றி யாராவது நல்ல வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மற்ற இரண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமாக நூல் நிர்வாகத்துக்கே போனவர் வேண்டும் என்றால் அது ச. வையாபுரிப் பிள்ளை. 1891ல் பிறந்து பி.எல். படித்து, திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்தவரை 1926ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக அழைத்தார்கள். சாண்ட்லர் பாதிரியார் 1913ல் தொடங்கிவைத்த வேலை, நகராமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆறு தொகுதிகளை 1936க்குள் முடித்து, 1939ல் அனுபந்தத்தையும் (பின்னிணைப்புத் தொகுதி) வெளியிட்டார். இரண்டும் சேர்த்து 1,17,762 சொற்கள். அகராதி அலுவலகம் என்பது ஒரு சின்னப் பதிப்பகம் மாதிரிதான்: பண்டிதர்கள், குறிப்புச் சீட்டுகள், அச்சகம், மெய்ப்பு, பல்கலைக்கழகக் குழுவின் நெருக்கடி, வெளியில் இருந்து வரும் கண்டனம், எல்லாவற்றையும் கட்டி மேய்த்து நாள் தவறாமல் தொகுதிகளைக் கொண்டுவந்தார். அதோடு நில்லாமல் பல பழைய நூல்களைப் பதிப்பித்தார், சங்க இலக்கியம் முழுவதையும் புலவர் வரிசைப்படி அடுக்கி 1940ல் வந்த சைவ சித்தாந்த மகா சமாஜப் பதிப்பும் அவர் செய்ததுதான். பழைய நூல்கள் மற்றவர்கள் நினைத்ததைவிடப் பிற்காலத்தவை என்று அவர் சொன்னதற்காக வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஆதாரம் காட்டாமல் அவர் எதையும் சொன்னதில்லை, முடிவுகளோடு ஒத்துப்போகாதவர்கள்கூட அதைச் சொல்வார்கள். வக்கீல் குணம் அவரிடம் அங்கேதான் தெரியும்.

இன்னொருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடி வக்கீல், கப்பல் கம்பெனி, சிறை எல்லாம் தெரிந்த கதை. ஆனால் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு 1928ல் பதிப்பித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இளம்பூரணப் பொருளதிகாரத்தை வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து 1930களில் கொண்டுவந்தார், கடைசி வருஷங்களின் வறுமைக்கு நடுவில்.

படிக்க வேண்டும் என்றால் தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் எல்லாம் சேர்ந்து தாமோதரம் என்ற பெயரில் புத்தகமாகவே கிடைக்கின்றன, ப. சரவணன் தொகுத்த பதிப்பும் உண்டு. பழைய மூலப் பதிப்புகளில் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், முகப்பு ஏட்டோடு பார்க்கலாம். வரிசைப்படி போக வேண்டாம். கலித்தொகைப் பதிப்புரையை முதலில் படியுங்கள், ஏடுகளைப் பற்றிய அந்தப் பகுதி அதில் இருக்கிறது. அப்புறம் பொருளதிகாரம். வீரசோழியத்தின் முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது நீளம், எட்டுக் காலப் பிரிவு வரும் இடத்தில் பொறுமை வேண்டும். உ.வே.சா. தரப்பில் சிந்தாமணி விஷயம் அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் 1880களின் கும்பகோணம் நன்றாகவே பிடிபடும்.